இடது கை வளையல்கள்

என் இடது கை காதுக்கு மேலே உயராது. கால்நடை ஆய்வாளராக இத்தனை வருடம் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டுத் தேய்ந்துபோனது அந்தத் தோள். மதுரையில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல இந்தக் கையை வேலைக்கு விட்டீங்கன்னா தலை பின்னிக்கக்கூட ஆகாதும்மா" என்றார். அதனால் தொண்ணூறுகள் முடிவதற்குள்ளேயே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். ஓய்வு பெற்றவள் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் நரைத்த தலையை எதிர்பார்க்கிறார்கள். என் மகள் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள்.

எங்கள் கால்நடை ஆய்வாளர் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பெண்கள் பல தடவை கேட்டார்கள். "அப்ப ஊர்ல பேசினதையெல்லாம் எப்படிக்கா தாங்குனீங்க?" என்பது அவர்களுடைய கேள்வி. தாங்கவில்லை என்பதுதான் உண்மை. முதல் சில வருடங்கள் ஒளிந்துகொண்டுதான் வேலை பார்த்தேன். அதை எழுதத் தயங்கிக்கொண்டிருந்தபோது போன மாதம் எங்கள் வீட்டில் ஒன்று நடந்தது.

மகளைக் கபடி அணிக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, ராஜபாளையத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய மைதானத்தில் ஆட வேண்டும். அவள் சொல்லி முடிப்பதற்குள் என் வாயிலிருந்து வந்தது: "ரோட்டுல போறவுக எல்லாம் என்ன நினைப்பாக?"

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "நீயாம்மா இதைக் கேக்க?" என்றாள். பாதிச் சாப்பாட்டில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.  எந்த வார்த்தைக்குப் பயந்து நான் பஸ்ஸில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேனோ, அதே வார்த்தை என் வீட்டில் என் குரலில் கேட்டது. அன்றைக்கு எழுத உட்கார்ந்தேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிளஸ் டூ முடித்ததும் சேர்ந்தேன். பெண்கள் ஒரு பெஞ்சு அளவுக்குத்தான் இருந்தோம். முதலில் கரும்பலகையில் பசுவைப் பார்த்தோம், பிறகு கொட்டிலில் பார்த்தோம். முதல் தடவை கையை உள்ளே விட்டபோது இருந்த சூடு மட்டும் இன்னும் நினைவிருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலை கிடைத்தது. வ. புதுப்பட்டியில் கிளை நிலையம். ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டர் எனக்கு மேலதிகாரி. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. காலையில் கிளைகளுக்குப் போகுமுன் ஆய்வாளர்கள் நாங்கள் அங்கே வந்து நின்றதும் ஆரம்பப் பள்ளி வாத்தியார் மாதிரி கையை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பார். வளர்ந்திருந்தால் மேஜை டிராயரிலிருந்து பிளேடை எடுத்துக் கொடுத்துவிட்டு, வெட்டி முடிக்கும்வரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். மாடு வந்தால் முதலில் மாட்டிடம்தான் பேசுவார். "வாங்க, என்ன செய்யுது?" என்று அதன் தாடையைத் தடவிக் கேட்டுவிட்டு, பிறகுதான் கொண்டுவந்தவரைத் திரும்பிப் பார்ப்பார். என்னை எப்போதும் "இன்ஸ்பெக்டர்" என்றுதான் கூப்பிடுவார். மருத்துவமனை வளாகத்தில் ஊரே நிற்கும்போது, "இன்ஸ்பெக்டர், கையை விட்டுப் பாருங்க" என்பார். போலீஸ்காரர் யாரோ வந்திருக்கிறார் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்தால், சேலை கட்டிய ஒரு பெண், தோள்வரை சோப்பு நுரையோடு மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன். பசு பருவத்துக்கு வந்தால் காலையில் கத்தியதற்கு மாலையிலும், மாலையில் கத்தியதற்கு மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். ஊசி என்று பெயரே தவிர, குத்துவது கிடையாது. இடது கையை மலக்குடலுக்குள் விட்டு, அங்கிருந்து கருப்பையின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோழியின் கழுத்தைப் பிடித்த மாதிரி கைக்குள் அகப்படும். வலது கையால் நீளமான குழாயைச் செலுத்தி, பிடித்திருக்கும் கழுத்தை அதன்மேல் மாட்டி, காளை விந்தை மெதுவாக இறக்க வேண்டும். விந்தை உறையவைத்துக் காக்கும் இந்தக் காலத்து நைட்ரஜன் கொள்கலன்கள் அப்போது எங்கள் கிளைக்கு வந்து சேரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அதை ஐஸ் போட்ட பிளாஸ்கில் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவேன்.

அந்த பிளாஸ்க்தான் என் எதிரி. பக்கத்து சீட்டில் யாராவது, "காப்பியா தாயி?" என்று கேட்பார்கள். ஒருநாள் கைக்குழந்தையோடு ஒரு பெண், "பால்னா பிள்ளைக்குச் செத்த ஊத்து தாயி" என்று பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கை நீட்டிவிட்டாள்.  "மருந்துக்கா" என்றேன். "யாருக்கு?" என்றாள். "வீட்டுல முடியாதவுக இருக்காக" என்று சொல்லிவிட்டு, என் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்தேன்.

இந்த வெட்கம் வேலையையும் கெடுத்தது. மாடு கத்தினதா, கண்ணாடி மாதிரி கோழை வழிந்ததா, எப்போதிலிருந்து என்று கேட்டுத்தான் நேரத்தைக் கணிக்க முடியும். ஆண்களிடம் அதைக் கேட்க எனக்குக் கூச்சம். ஒரு பெண்ணிடம் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். "மாட்டுக்கு ஒரு மாதிரியா இருக்கும்மா" என்பார்கள். நானும் "சரிங்கய்யா" என்று போட்டுவிடுவேன். நேரம் தவறிப்போய்ச் சினை பிடிக்காது. "அந்தம்மா கை ராசியில்ல" என்று புதுப்பட்டியில் பேச்சு கிளம்பியது. டாக்டரிடம் போய், ஆபீஸ் வேலையாக மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "நகம் சரியா இருக்கு. எதுக்கு மாத்தணும்?" என்றார்.

இதற்கிடையில் கல்யாணமாகிச் செட்டியார்பட்டிக்கு வந்தேன். கணவருக்கு ராஜபாளையத்தில் மில் வேலை. நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் ஊர் வாய்க்குப் பயம். அவருடைய அம்மா, என் அத்தை, முதல் வாரமே தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வேலைக்குப் போ. வேணாங்கல. ஆனா என்ன வேலைன்னு கேட்டா பால் ஆபீஸுன்னு சொல்லு. மாட்டுப் பின்னால கையை விடுதான்னு தெரிஞ்சா, உங்கையால தண்ணி வாங்கிக் குடிப்பாகளா?"

அப்படியே சொன்னேன். ஆனால் இடது கையை மறைக்க முடியவில்லை. வேலைக்காக அந்தக் கையில் வளையல் போடாமலே இருந்தேன். வலது கையில் கண்ணாடி வளையல் குலுங்கும், இடது கை மொட்டையாக இருக்கும். கல்யாணமான பெண்ணின் வெறுங்கை எங்கள் தெருவில் யார் கண்ணிலிருந்தும் தப்பாது. "அரைக்கை வளையக்காரி" என்று எனக்குப் பெயர். பக்கத்து வீட்டுச் செல்லக்கனியக்கா குழாயடியில் என் கையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், எதுவும் கேட்கமாட்டார். அந்தக் கேட்காத பார்வைக்குப் பயந்து இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே தண்ணீர் பிடிக்கப் பழகினேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். அன்றைக்கே பேறுகால விடுப்பில் போய்விட்டேன். வளைகாப்பு வளையலைப் பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது என்பதால் வேறு வழியில்லை. சாத்தூர் பக்கத்திலிருந்தெல்லாம் சொந்தங்கள் வந்திருந்தன. கன்னத்தில் சந்தனம் பூசி, முதலில் வேப்பங்குச்சிக் காப்பைப் போட்டு, அதன்மேல் பச்சையும் சிவப்புமாக அடுக்கினார்கள். அத்தை என் இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டு, "இன்னைக்குத்தான் உன் ரெண்டு கையும் நிறைஞ்சிருக்கு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அந்தப் பெயர் அவரையும் எவ்வளவு சுட்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த நேரத்தில் வாசலில் செல்லக்கனியக்கா வந்து நின்றார்.

"வா செல்லக்கனி, வந்து பிள்ளைக்கு வளையல் போடு" என்று அத்தை கூப்பிட்டார்.

"இல்ல மதினி. கை அழுக்கா இருக்கு." அவர் அத்தையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "கிடேரி விடியக்காலைல இருந்து முக்குது. தண்ணிக்குடம் உடைஞ்சு நேரமாச்சு. ரெண்டு காலு வந்துருச்சு, தலையக் காணோம்."

தலையீத்துக் கிடேரி அது, முதல் பிரசவம். கன்றுக்குட்டியாக வாங்கி அவர் வளர்த்தது. கணவர் இல்லாத வீட்டில் அந்தப் பால்தான் இனி வருமானம் என்று தெருவுக்கே தெரியும்.

"கயிறக் கட்டி நாலு பேரா இழுக்கச் சொல்லு. வந்துரும்" என்றார் சொந்தக்காரர் ஒருவர்.

"அதுக்குத்தான் ஆள் சேத்துருக்கேன்" என்று சொல்லியும் செல்லக்கனியக்கா நகரவில்லை.

"இழுக்கக் கூடாது" என்றேன்.

என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தது. "தலை பின்னால மடிஞ்சு கிடக்கும். இழுத்தா கழுத்து ஒடிஞ்சு கன்னு போயிரும். கர்ப்பப்பை கிழிஞ்சு மாடும் போயிரும்."

சாத்தூர்ப் பெரியம்மா மோவாயில் கை வைத்தார். "பால் ஆபீஸ்ல இதெல்லாமா சொல்லித் தாராக?"

அத்தை என் தோளை அழுத்தினார். "உக்காரு. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரக் கூட்டிட்டு வரட்டும்." கணவர் அதற்குள் டிவிஎஸ் வண்டியை உதைத்துக் கிளப்பியிருந்தார். ஆனால் அவர் போய், டாக்டர் இருந்து, இருவரும் வந்து சேரும்வரை அந்தக் கன்று தாங்காது என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

வளையல்களைப் பார்த்தேன். கழற்றினால் பிள்ளைக்கு ஆகாது என்று எல்லோரும் சொல்லக் கேட்டு வளர்ந்தவள்தான் நானும். படித்திருந்தேன், கருப்பையைப் பற்றிப் பரீட்சையே எழுதியிருந்தேன். அதெல்லாம் என் வயிற்றுப் பிள்ளை அசைந்த அந்த நிமிடத்தில் துணைக்கு வரவில்லை. பயம் உண்மையாகவே இருந்தது. ஆனால் அது வேறு பயம். வாசலில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள், சாத்தூரில் போய் என்ன சொல்வார்கள் என்று இத்தனை நாள் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது இதன் பக்கத்தில் மிகவும் சின்னதாகத் தெரிந்தது. இதற்காகவா வெயிலில் இறங்கி நடந்தோம் என்றுகூடத் தோன்றியது.

"அத்தை, சோப்பு எடுங்க."

"ஏட்டி, வயித்துல பிள்ளை இருக்கு. வளையலக் கழட்டினா..." 

"பயமாத்தான் இருக்கு அத்தை. ஆனா அதுவும் ஒரு வயிறுதான."

 அத்தை எழுந்து போய்ச் சோப்பும் சொம்புத் தண்ணீருமாக வந்தார். இடது கை வளையல்களை நான் ஒவ்வொன்றாக உருவ, அவர் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டார். ஒரு வளையல் மணிக்கட்டில் உடைந்தது. கூட்டத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். அத்தை திரும்பி, "கண்ணாடின்னா உடையத்தான் செய்யும்" என்றார்.

பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கொட்டிலுக்குப் போனேன். வளைகாப்புக்கு வந்த கூட்டம் முழுக்கப் பின்னாலேயே வந்தது. கயிறோடு நின்ற ஆட்களில் இருவரை மட்டும் நிறுத்திக்கொண்டு, மாடு படுத்துவிடாமல் பிடிக்கச் சொன்னேன். கையையும் மாட்டின் பின்புறத்தையும் சோப்பு போட்டுக் கழுவினேன். விளக்கெண்ணெய் கேட்டு முழங்கைக்கு மேல்வரை தடவிக்கொண்டேன். வெளியே நீட்டியிருந்த இரண்டு கால்களிலும் குளம்புக்கு மேலே சுருக்குப் போட்டேன். இழுப்பதற்கு அல்ல, கன்றை உள்ளே தள்ளும்போது கால்கள் கை நழுவிப் போகாமல் இருக்க. கன்றின் கால்களை ஒட்டியே கையை உள்ளே விட்டேன். மார்பு தட்டுப்பட்டது, கழுத்து இடப்பக்கமாக வளைந்து போனது. தலை விலாவின்மேல் கிடந்தது. விரலை வாய்க்குள் விட்டேன். உறிஞ்சியது.

"உசுரு இருக்கு" என்றேன். செல்லக்கனியக்கா கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டார்.

முக்கும்போது எதுவும் செய்யக் கூடாது. அந்த அழுத்தம் கை எலும்பை நொறுக்கிவிடும். முக்கல் ஓயும் இடைவெளியில்தான் கன்றை மார்பில் கை வைத்து உள்ளே தள்ள வேண்டும். தள்ளி, இடம் கிடைத்ததும் மூக்கைத் தேட வேண்டும். என் வயிறு மாட்டின் தொடையில் இடித்தது. பக்கவாட்டில் சாய்ந்து நின்று தள்ளினேன். வழுக்கியது. மறுபடி தள்ளினேன். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. கடைசியில் கீழ்த்தாடையில் விரல் மாட்டியது; பல் என் உள்ளங்கைக்குள் வரும்படி பிடித்துக்கொண்டு, மாட்டின் கருப்பையைப் பல் கிழிக்காதபடி மெதுவாக வளைத்துத் திருப்பினேன். ஒரு கதவு திறந்தது மாதிரி தலை நேராக வந்து, இரண்டு கால்களுக்கு மேல் அமர்ந்தது.

"இப்ப இழுங்க. முக்கும்போது மட்டும். ஒரு காலு விட்டு ஒரு காலு. கீழாக."

கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் விழுந்தது. மூச்சில்லை. மூக்கிலும் வாயிலும் இருந்த கோழையை வழித்தெடுத்து, ஒரு வைக்கோலை மூக்குக்குள் விட்டுத் திருகினேன். தும்மியது. பிறகு தலையை ஆட்டியது. கிடேரி திரும்பி அதை நக்கத் தொடங்கியபோது கூட்டத்தில் யாரோ குலவையிட்டார்கள். வளைகாப்பில் எனக்கு இட்டதைவிட அது சத்தமாக இருந்தது.

அத்தை முந்தானையோடு முன்னால் வந்தார். மறுபடி என் கையில் போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நேராக மாட்டின் தலைமாட்டுக்குப் போய், இரண்டு வளையலை எடுத்து அதன் கொம்பில் மாட்டினார். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. "வளைகாப்புக்கு வந்தவுக எல்லாரும் இங்க வந்தாச்சு. இவளுக்கு யாரு வளையல் போடுவா?" என்றார்.

செல்லக்கனியக்கா அழுதுகொண்டே என் எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னத்தான் கூப்பிட வந்தேன் தாயி. இந்த நாளையில எப்படிக் கேக்கன்னு வாசல்லயே நின்னுட்டேன்."

"எனக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்படிக்கா?"

"நல்லாக் கேட்ட போ. புதுப்பட்டில என் தம்பி மாட்டுக்கு நீதான ஊசி போட்ட? ரெண்டு வருசமாத் தெரியும். தெருவுக்கே தெரியும். நீ பால் ஆபீஸுன்னு சொன்ன, சங்கடப்படுதியேன்னு நாங்க கேக்கல."

நான் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடம் முந்தானைக்குள் கையை ஒளித்தது எதற்காக? நான் அவர்களுக்குப் பயந்திருந்தேன். அவர்கள் என் மனம் நோகுமோ என்று பயந்திருந்தார்கள். அரைக்கை வளையக்காரி என்று சொன்னவர்களும் இவர்கள்தான். அதுவும் உண்மை, இதுவும் உண்மை. அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது.

டாக்டர் வந்தபோது கன்று எழுந்து நின்று மடியை முட்டிக்கொண்டிருந்தது. அவர் முதலில் மாட்டிடம் போய், "என்ன, கஷ்டப்பட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, கொம்பு வளையலைப் பார்த்தார். அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. உள்ளே கையை விட்டுக் கிழிசல் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு என்னிடம், "இன்ஸ்பெக்டர், நகம் வெட்டியிருந்தீங்களா?" என்றார்.

"வெட்டியிருந்தேன் சார்."

"லீவுலயும்?"

"பழக்கம் சார்."

"சரி" என்று சொல்லிவிட்டு, இலை போட்ட பந்தியில் உட்கார்ந்து புளியோதரையை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஒரு மேலதிகாரியிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை நான் வாங்கியதில்லை.

பேறுகாலம்வரை நான் நிம்மதியாக இருந்தேன் என்று எழுதினால் பொய். சாத்தூர்ப் பெரியம்மா வேறு வளையலைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். போட்டால் கழற்றியது தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மறுத்துவிட்டேன். ஆனால் ராத்திரியில் பிள்ளை அசையாமல் இருந்தால் எழுந்து உட்கார்ந்து இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருப்பேன். பிள்ளை பிறந்து அழுத பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் அவளுக்குக் காய்ச்சல் என்றால், பஸ் தாமதம் என்றால், என் வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போய்விடும். தாய்க்கு இருக்கிற இந்தப் பயம் போகாது போலும். போக வேண்டியது மற்றதுதான், அது போய்விட்டது என்று போன மாதம்வரை நினைத்திருந்தேன்.

விடுப்பு முடிந்து போன முதல் நாளே பஸ்ஸில் ஒரு பெரியவர் பிளாஸ்கைக் காட்டி, "காப்பியாம்மா?" என்றார்.

"இல்லங்கய்யா. காளை விந்து. புதுப்பட்டி மாடுகளுக்குக் கொண்டு போறேன்."

 கண்டக்டர் விசிலை வாயிலேயே வைத்திருந்தார். பெரியவர் பிளாஸ்கை மறுபடி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்ன ரகம்?" என்றார்.

"ஜெர்சி."

"நம்ம செவலைப் பசுவுக்கு நாலு தடவை ஊசி போட்டும் சினை நிக்கல தாயி."

"எப்பக் கத்துச்சு, எப்ப ஊசி போட்டீக? கோழை எப்படி இருந்துச்சு?" என்று உரக்கக் கேட்டேன். அவரும் உரக்கச் சொன்னார். பின்சீட்டிலிருந்து இன்னொருவர் தன் மாட்டைப் பற்றிக் கேட்டார். இறங்குவதற்குள் ஐந்தாறு மாடுகளின் கதை தெரிந்துவிட்டது. நேரம் கேட்டு ஊசி போடத் தொடங்கிய பிறகு சினை பிடித்தது. அடுத்த வருடம் புதுப்பட்டியில் கன்று இல்லாத கொட்டில் குறைவு. "அந்தம்மா கை ராசியான கை" என்றார்கள். முன்னால் ராசியில்லை என்றவர்கள்தான் இதையும் சொன்னார்கள்; கேட்டுக்கொண்டு அடுத்த மாட்டுக்குப் போனேன்.

எழுதி முடித்ததை மகளிடம் காட்டவில்லை. மறுநாள் அவளுடைய அரைக்கால் சட்டையைத் துவைத்து, தெருவைப் பார்த்த கொடியில் காயப் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட வேலி அருகில் வந்து நின்றுவிட்டார்கள். என் மகள் எதிரணிப் பக்கத்துக்குள் பாடிக்கொண்டே போனாள். நான்கு பேர் அவளை வளைத்தார்கள். காலை உதறிப் புழுதிக்குள் விழுந்து, கையை மட்டும் நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாள்.  என் வலது கை இடது மணிக்கட்டுக்குப் போயிருந்தது. முழங்காலில் ரத்தத்தோடு அவள் எழுந்து நின்று சிரித்தாள்.

பின்னால் ஒரு பெண் யாரிடமோ கேட்டாள்: "டவுசர் போட்டுக்கிட்டு இந்த ஆட்டம் ஆடுதே, யாரு வீட்டுப் பிள்ளை அது?"

நான் எழுந்து நின்று திரும்பினேன். இடது கையை, அது போகிற உயரம்வரை தூக்கினேன். காதுக்குக் கீழேதான் நின்றது.

"என் பிள்ளை" என்றேன்.